சட்டம்–உளவியல் கான்ஃபரன்ஸுக்கு முதல் ஆப்ஸ்ட்ராக்ட்: டேட்டா பாதிதான் வந்திருக்கு, அனுப்பலாமா?

வழக்காடி

வணக்கம் எல்லாருக்கும். நான் சட்டம் படிச்சவ, இப்ப பிஎச்டி ரெண்டாவது வருஷம், கூட வேலை பாக்குறவர் உளவியல் ஆள். சட்டம்–உளவியல் கான்ஃபரன்ஸ் ஒண்ணுக்கு ஆப்ஸ்ட்ராக்ட், அதாவது ஆய்வுச் சுருக்கம், அனுப்பணும், இன்னும் மூணு வாரம்தான் இருக்கு, ரெண்டு பேருக்குமே இது முதல் தடவை, அதனால கொஞ்சம் நீளமாவே கேக்குறேன், பொறுத்துக்கோங்க.

எங்க ஆய்வு அடையாள அணிவகுப்பு பத்தினது, அதாவது சந்தேக நபரோட வேற சிலரையும் வரிசையா நிக்க வெச்சு, யாருன்னு சாட்சியைக் காட்டச் சொல்றது. சாட்சி ஒருத்தரைக் கைகாட்டினதும் பக்கத்துல நிக்கிற அதிகாரி "சரியா சொன்னீங்க"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா சாட்சியோட நிச்சயம் அப்படியே ஏறிடும், இது 1998ல உளவியல் ஆய்வாளர்கள் வெல்ஸும் பிராட்ஃபீல்டும் செஞ்ச ஆய்வுல இருந்தே தெரிஞ்ச விஷயம். எங்க கேள்வி அதுக்கு அடுத்த படி. கைகாட்டின அந்த நிமிஷத்துலயே, யாரும் எதுவும் சொல்றதுக்கு முன்னாடி, சாட்சி எவ்வளவு நிச்சயமா இருந்தார்னு எழுதி வாங்கி வெச்சிருக்காங்கன்னு வெச்சுக்கோங்க. அதுல "ஓரளவு இவர் மாதிரிதான் இருக்கு"ன்னு இருக்கு. பல மாசம் கழிச்சு கோர்ட்ல அதே சாட்சி "சத்தியமா இவர்தான், சந்தேகமே இல்ல"ங்கிறார். கேக்குறவங்க எதை நம்புவாங்க, அந்தக் காகிதத்தையா, கூண்டுல நின்னு சொல்றதையா? சாட்சி சொல்ற வீடியோ ஒண்ணு காட்டுறோம், ஒரு குழுவுக்குக் காகிதம் கிடையாது, ஒரு குழுவுக்குக் காகிதம் உண்டு, இன்னொரு குழுவுக்குக் காகிதத்தோட சேர்த்து நிச்சயம் ஏன் ஏறும்னு ஒரு சின்ன விளக்கமும் உண்டு.

பிரச்னை என்னன்னா டேட்டா பாதிதான் வந்திருக்கு. கான்ஃபரன்ஸ் நடக்குறதுக்குள்ள கண்டிப்பா முடிஞ்சிடும், ஆனா டெட்லைனுக்குள்ள முடியாது. இப்படி இருக்கிறப்ப அனுப்பலாமா, இல்ல அடுத்த வருஷம் பாத்துக்கலாமா?

ரெண்டாவது, 300 வார்த்தைதான் அனுமதி, நான் எழுதினது 420 வந்து நிக்குது. சுருக்கமா சொன்னா இப்படித்தான் போகுது: "மனித நினைவு பழங்காலம் தொட்டே அறிஞர்களின் கவனத்தை ஈர்த்து வந்துள்ளது. 1908ல் ஹூகோ முன்ஸ்டர்பெர்க் சாட்சிகளின் நினைவுப் பிழை குறித்து எழுதினார்... அதன் பின்னர் பல ஆய்வுகள்... இந்த ஆய்வு சாட்சியின் நிச்சயத்துக்கும் நம்பகத்தன்மைக்கும் உள்ள உறவை ஆராய்கிறது. முடிவுகள் விவாதிக்கப்படும். இது நீதிமன்றங்களுக்கும் கொள்கை வகுப்போருக்கும் பெரிதும் பயன்படும்."

என் கைடு சட்டப் பகுதியைக் கூட்டச் சொல்றார், கூட எழுதுறவர் மெத்தட் பகுதியைக் கூட்டச் சொல்றார், ரெண்டையும் கூட்டினா 600 வார்த்தை ஆகும். அப்புறம் பேப்பரா மேடையில பேசுறதா, போஸ்டரா மாட்டி வெச்சுப் பக்கத்துல நிக்கிறதா, அதுவும் தெரியல. அனுபவம் உள்ளவங்க வழி சொல்லுங்க.

நினைவோடை

நான் உளவியல் பக்கம், இந்த மாதிரி ஆப்ஸ்ட்ராக்ட்டுகளைச் சில வருஷமா ரிவ்யூவும் பண்றேன். முதல்ல உங்க ஆய்வு நல்ல ஆய்வு, அதைச் சொல்லிடறேன், ஏன்னா நீங்க கேள்வியா இங்க கேட்ட அந்த ரெண்டு மூணு வரி, "காகிதத்தையா, கூண்டுல நின்னு சொல்றதையா"ங்கிறது இருக்கே, அது உங்க ஆப்ஸ்ட்ராக்ட்ல எங்கயுமே இல்ல. அதுதான் முதல் வரியா வந்திருக்கணும். இங்க பழகினவங்ககிட்ட பேசுற மாதிரி சொன்னப்ப சரியா வந்தது, ஆப்ஸ்ட்ராக்ட்னு உக்காந்ததும் பழங்காலத்துக்குப் போயிட்டீங்க. அந்த மனித நினைவு வரி, முன்ஸ்டர்பெர்க் வரி, "பல ஆய்வுகள்" வரி, மூணையும் எடுங்க. படிக்கிறவங்க எல்லாருக்கும் முன்ஸ்டர்பெர்க் யாருன்னு தெரியும், அவரைப் பத்தித் தெரியாத ஆள் ரிவ்யூவரா வரமாட்டார். ரிவ்யூவர் கையில ஒரே நேரத்துல நிறைய ஆப்ஸ்ட்ராக்ட் இருக்கும், முதல் ரெண்டு வரியில கேள்வி என்னன்னு பிடிபடலைன்னா மீதியை அவர் சோர்வோட படிப்பார், அது நியாயமான்னு கேட்டா நியாயம் இல்ல, ஆனா நடக்குறது அதுதான்.

டேட்டா விஷயம். கான்ஃபரன்ஸ் அழைப்புல என்ன எழுதியிருக்குன்னு ஒருதடவை வரி விடாம படிங்க. சில இடத்துல முடிவு இல்லாம வர்ற எதையும் எடுக்கமாட்டோம்னே போட்டிருப்பாங்க, சில இடத்துல நடந்துக்கிட்டு இருக்கிற ஆய்வும் வரலாம்னு இருக்கும், சில இடத்துல போஸ்டருக்கு மட்டும் அப்படி அனுமதி இருக்கும். அனுமதி இருந்தா தாராளமா அனுப்புங்க, ஆனா "முடிவுகள் விவாதிக்கப்படும்"னு மட்டும் எழுதாதீங்க. அந்த வரி படிக்கிறவனுக்கு எதையுமே சொல்லல. அதுக்குப் பதிலா எத்தனை பேர் திட்டம், இதுவரை எத்தனை பேர் முடிச்சிருக்காங்க, எப்ப முடியும், எந்த ஒப்பீட்டை எந்தப் புள்ளியியல் முறையில பாக்கப் போறீங்க, இதை நேரா எழுதுங்க. ஆய்வுத் திட்டத்தையும் எதிர்பார்ப்பையும் டேட்டா எடுக்குறதுக்கு முன்கூட்டியே பொதுவுல பதிவு பண்ணியிருந்தீங்கன்னா அதையும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அதைப் பாத்ததும் ரிவ்யூவருக்கு ஒரு நம்பிக்கை வரும், இவங்களுக்கு என்ன செய்றோம்னு தெரிஞ்சிருக்குன்னு.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேக்குறேன், ஆப்ஸ்ட்ராக்ட்டுக்கு முடிவு வேணுமேன்னு பாதி டேட்டாவைத் திறந்து ஓட்டிப் பாக்காதீங்க. ஓட்டிப் பாத்து நல்லா வந்தா நிறுத்திக்கலாம், வரலைன்னா இன்னும் ஆள் சேக்கலாம்னு மனசு தானா போகும். 2011ல சிம்மன்ஸ், நெல்சன், சிமன்சோன் மூணு பேரும் இதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டினாங்க, இந்த மாதிரி நாலு சின்ன சலுகைகளை ஒரே ஆய்வுல சேர்த்து எடுத்துக்கிட்டா 5 சதவீதத்துல நிக்க வேண்டிய பொய் முடிவு, அதாவது இல்லாத விளைவு இருக்கிற மாதிரி வர்றது, 60 சதவீதத்தைத் தாண்டிடும். நம்ம துறையில பொய் முடிவுன்னா வெறும் பேப்பர் இல்ல, ஒருத்தர் ஜெயிலுக்குப் போறதும் போகாததும் அதுல மாட்டியிருக்கு.

இன்னொண்ணு, கண்டிப்பா வர்ற கேள்வி. அந்த 1998 ஆய்வுல 352 பேர், ஒரு பாதுகாப்பு கேமரா வீடியோ பாத்துட்டு போட்டோ வரிசையில இருந்து ஆளைக் காட்டணும், உண்மையான ஆள் அந்த வரிசையிலயே கிடையாது, அதனால காட்டின எல்லாருமே தப்பான ஆளைத்தான் காட்டினாங்க. அப்படி இருந்தும் "நல்லது, சரியான ஆளைத்தான் காட்டினீங்க"ன்னு கேட்டவங்களுக்கு நிச்சயம் மட்டும் ஏறல, நல்லா பாத்தேன், தெளிவா ஞாபகம் இருக்கு, சட்டுனு அடையாளம் தெரிஞ்சதுன்னு எல்லாமே ஏறிச்சு. அதே பேப்பர்லயே இன்னொரு முடிவும் இருக்கு, அதிகாரி பேசுறதுக்கு முன்னாடியே நிச்சயத்தைப் பத்தி யோசிக்க வெச்சா அந்த ஏத்தம் குறையுது. அதனால "முன்னாடியே கேட்டு வாங்குறது நல்லது"ங்கிறதை உங்க கண்டுபிடிப்பு மாதிரி எழுதிடாதீங்க, அது பழசு. உங்களோட புதுசு எங்க இருக்குன்னா கேக்குற ஆள்கிட்ட. இதுவரை சாட்சியோட தலைக்குள்ள நடக்குறதை நிறையப் பாத்தாச்சு, நீங்க அந்தக் காகிதம் கோர்ட்டுக்கு வந்த பிறகு என்ன ஆகுதுன்னு பாக்குறீங்க. இந்த ஒரு வேறுபாட்டை ஒரே வாக்கியத்துல சொல்லிட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

கறுப்பங்கி

நான் வக்கீல், கூடவே இந்தப் பக்கம் ஆராய்ச்சியும் உண்டு. நினைவோடை சொன்னதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல, சட்டப் பக்கத்தை மட்டும் சேக்குறேன்.

உங்க கைடு சட்டத்தைக் கூட்டுங்கன்னு சொன்னது சரிதான், ஆனா கூட்டறதுன்னா நாலு தீர்ப்பு பேரை அடுக்கறது இல்ல. சட்டத்துல யாரோ ஒருத்தர் ஒரு இடத்துல ஒரு முடிவு எடுக்குறார், அந்த இடம் எது, அந்த ஆள் யார், அவர் இப்ப எதை வெச்சு முடிவெடுக்குறார், இது ஒரு வாக்கியத்துல வந்துட்டா போதும். உங்களுக்கு அதுக்குக் கையிலயே இருக்கு. 1972ல அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீல் எதிர் பிகர்ஸ் வழக்குல அடையாளம் காட்டினதை எடைபோட அஞ்சு விஷயம் சொல்லிச்சு: பாக்கக் கிடைச்ச வாய்ப்பு, காட்டின கவனம், முன்னாடி சொன்ன அங்க அடையாளம் எவ்வளவு பொருந்துது, அடையாளம் காட்டினப்ப இருந்த நிச்சயம், குற்றத்துக்கும் அடையாளம் காட்டினதுக்கும் இடையில போன காலம். இப்ப நினைவோடை சொன்னதைப் பக்கத்துல வெச்சுப் பாருங்க, வாய்ப்பு, கவனம், நிச்சயம் மூணும் சாட்சியே தன் வாயால சொல்றது, அதிகாரியோட ஒரு வார்த்தை அந்த மூணையும் சேர்த்து ஏத்தி விட்டுடுது. அதாவது எதை வெச்சு எடைபோடணுமோ அந்தத் தராசே அசைஞ்சிருக்கு. இந்த மாதிரி ஆராய்ச்சிகளைப் பாத்துத்தான் 2011ல நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் ஹென்டர்சன் வழக்குல தன்னோட மாநிலத்துல அடையாளச் சாட்சியத்தை எடைபோடுற வழிமுறையை மாத்திச்சு, 2014ல அமெரிக்க நேஷனல் ரிசர்ச் கவுன்சில் அறிக்கையும் அடையாளம் காட்டின உடனே சாட்சி சொல்ற நிச்சயத்தைப் பதிவு பண்ணணும்னு பரிந்துரை பண்ணிச்சு. பரிந்துரை வந்தாச்சு, அந்தப் பதிவைக் கேக்குறவங்க பயன்படுத்துறாங்களாங்கிறதுதான் உங்க கேள்வி. இதுல எதை வேணா ஒண்ணு எடுத்துக்கோங்க, எல்லாத்தையும் திணிக்க வேண்டாம். எந்த நாட்டுச் சட்டம்ங்கிறதை மட்டும் மறக்காம எழுதுங்க, "நீதிமன்றங்கள்"னு பொதுவா போட்டா சட்டக்காரன் முதல் கேள்வியே எந்த நீதிமன்றம்னுதான் கேப்பான். ஜூரி, அதாவது பொதுஜனமே உக்காந்து தீர்ப்பு சொல்ற முறை, இல்லாத நாட்டுல இருந்து வர்றவருக்கு உங்க ஆய்வுல பங்கெடுத்த பொதுஜனம் யாருக்குப் பதிலா நிக்குறாங்கன்னு புரியணும். நீதிபதிகளை வெச்சு நீங்க சோதிக்கல, அதனால நீதிபதிகளைப் பத்தி எதுவும் முடிவா சொல்லாதீங்க.

அப்புறம் வார்த்தைகள், இதை நான் ரொம்ப முக்கியமா நினைக்கிறேன். "நிச்சயத்துக்கும் நம்பகத்தன்மைக்கும் உள்ள உறவு"ன்னு எழுதியிருக்கீங்க, தமிழ்ல நம்பகத்தன்மை, இங்கிலீஷ்ல ரிலையபிலிட்டின்னு போட்டிருப்பீங்க. உளவியல்ல அந்த வார்த்தைக்கு அர்த்தம் ஒரு அளவுகோலை மறுபடி மறுபடி வெச்சாலும் அதே அளவு வருதாங்கிறது. சட்டத்துல அது இந்தச் சாட்சியத்தை நம்பலாமாங்கிறது. ரெண்டும் வேற வேற. 1993ல அறிவியல் சாட்சியம் பத்தி அமெரிக்க உச்ச நீதிமன்றம் குடுத்த டாபர்ட் தீர்ப்புல இதுக்குன்னே ஒரு அடிக்குறிப்பு இருக்கு, விஞ்ஞானிங்க வேலிடிட்டி (அளக்க நினைச்சதைத்தான் அளக்குதாங்கிறது), ரிலையபிலிட்டின்னு பிரிப்பாங்க, நாங்க இங்க சாட்சிய ரிலையபிலிட்டின்னு சொல்றது விஞ்ஞான வேலிடிட்டியை வெச்சுத்தான்னு நீதிமன்றமே தெளிவு பண்ணுது. நாட்டோட உச்ச நீதிமன்றத்துக்கே விளக்க வேண்டி வந்ததுன்னா 300 வார்த்தையில நமக்கு எவ்வளவு கவனம் வேணும்! நீங்க சொல்ல வர்றது சாட்சி காட்டின ஆள் சரியா தப்பாங்கிறதுன்னா "துல்லியம்"னு போடுங்க, கேக்குறவர் அவரை நம்புறாராங்கிறதுன்னா "நம்பப்படுதல்"னோ அதுக்குச் சமமாவோ போடுங்க. அதே மாதிரி அணிவகுப்புல நிக்கிறவரைக் "குற்றவாளி"ன்னு எழுதிடாதீங்க, அவர் சந்தேக நபர். உளவியல் ஆளுங்க ஆப்ஸ்ட்ராக்ட்ல இது அடிக்கடி வரும், எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கும், ஏன்னா தப்பான ஆளைக் காட்டுறதைப் பத்தின ஆய்வுலயே நிக்கிறவனைக் குற்றவாளின்னு முடிவு பண்ணிடறாங்க.

சட்டம் தெரிஞ்ச ஆள் கூட இருக்கிறது எவ்வளவு பலம்னு ஒரு உதாரணம் சொல்றேன். 2011ல வந்த ஒரு ஆய்வு ரொம்பப் பேருக்குத் தெரியும், இஸ்ரேல்ல பரோல் முடிவுகள், 8 நீதிபதிகள், 1,112 தீர்மானங்கள், சாப்பாட்டு இடைவேளை முடிஞ்சதும் சாதகமான முடிவு சுமார் 65 சதவீதம், அமர்வு போகப் போகக் குறைஞ்சு கிட்டத்தட்ட பூஜ்யம், மறுபடி இடைவேளை, மறுபடி ஏறுது. பசிச்ச நீதிபதின்னு உலகம் பூரா பேசினாங்க. அதே வருஷம் அதே ஜர்னல்ல பதில் வந்தது, வழக்குகள் வர்ற வரிசை தற்செயலானது இல்ல, வக்கீல் இல்லாத கைதிகளை வழக்கமா அமர்வோட கடைசியிலதான் எடுப்பாங்க, அவங்களுக்குக் கிடைக்கிற வாய்ப்பே குறைவுன்னு. முதல்ல எழுதினவங்க அதுக்குப் பதிலும் எழுதினாங்க, அது தனிக் கதை. நான் சொல்ல வர்றது, வழக்கு எந்த வரிசையில கூப்பிடறாங்கங்கிறது கோர்ட் வராந்தாவுல நின்ன எவனுக்கும் முதல்ல தோணுற கேள்வி. நீங்க அந்த வராந்தாவுல நின்ன ஆள். உங்க ஆய்வுல அந்தக் காகிதம் கேக்குறவங்க கைக்கு எப்படி வருது, குறுக்கு விசாரணையில வக்கீல் எடுத்துக் காட்டுறாரா, இல்ல சும்மா ஆவணமா போகுதா? இது ஆப்ஸ்ட்ராக்ட்ல அரை வரியாவது இருக்கணும், ஏன்னா நிஜத்துல யார் கையில வருதோ அதுக்குத் தகுந்த மாதிரிதான் மதிப்பு.

மூணாவதுவரிசை

பெரியவங்க உள்ளடக்கம் சொல்லிட்டாங்க, நான் கைவேலை விஷயம் சொல்றேன், இதுல அடிபட்டிருக்கேன்.

பேப்பரா போஸ்டரான்னு கேட்டீங்க. டேட்டா முடியாத நிலையில, முதல் தடவையில, நான் போஸ்டர்னுதான் சொல்வேன். மேடையில நின்னா பத்துப் பன்னெண்டு நிமிஷம் பேசி ரெண்டு கேள்வி வாங்கிட்டு இறங்கிடணும். போஸ்டர் பக்கத்துல நின்னா ஒருத்தர் வந்து அரைமணி நேரம் நின்னு உங்க மூணாவது குழுவுக்குக் குடுத்த விளக்கத்தோட வாசகம் என்னன்னு கேப்பார், அந்த அரைமணி நேரம் பிஎச்டிக்கு அவ்வளவு உதவும். எனக்கு அப்படி நின்னு கேட்டவர்தான் பின்னாடி என் அடுத்த ஆய்வுல சேர்ந்து எழுதினார். சில படிவத்துல "பேப்பருக்குக் கிடைக்கலைன்னா போஸ்டருக்குப் பரிசீலிக்கலாமா"ன்னு ஒரு கட்டம் இருக்கும், அது இருந்தா பேப்பர்னு போட்டு அந்தக் கட்டத்தை டிக் பண்ணிடுங்க.

பேர் மறைச்சு ரிவ்யூ பண்றாங்களான்னு பாருங்க. நான் ஒருதடவை ஆப்ஸ்ட்ராக்ட்ல பேரை எல்லாம் எடுத்துட்டு "எங்களோட முந்தைய ஆய்வுல காட்டினபடி"ன்னு எழுதிட்டேன், ஃபைலோட ப்ராப்பர்டீஸ்லயும் என் பேர் அப்படியே இருந்தது, ரிவ்யூவுக்கே போகாம திரும்பி வந்தது. ரெண்டு மாச வேலை, டெட்லைன் போயிடுச்சு, மறுபடி அனுப்ப வழியில்ல. அதனால எத்திக்ஸ் அப்ரூவல் வாங்கியாச்சுன்னு மட்டும் எழுதுங்க, எந்த நிறுவனத்தோட கமிட்டின்னு பேர் போடாதீங்க.

வார்த்தைக் கணக்கு தலைப்பையும் சேர்த்தா சேர்க்காமலா, வார்த்தையா எழுத்தான்னு பாத்துக்கோங்க, சில படிவம் இடைவெளியையும் எழுத்தாவே எண்ணும். டெட்லைன் எந்த நேரக் கணக்குன்னும் பாருங்க. "பூமியில எங்கயாவது"ன்னு போட்டிருந்தா யூடிசிங்கிற உலகப் பொது நேரத்தை விட 12 மணி நேரம் பின்னாடி இருக்கிற கணக்கு, உங்களுக்குக் கூடுதல் நேரம். அது போடலைன்னா அவங்க ஊர் நள்ளிரவா இருக்கலாம், அந்த ஊர் உங்களுக்குக் கிழக்க இருந்தா உங்களுக்கு அன்னிக்குச் சாயங்காலமாவே முடிஞ்சிருக்கலாம். கடைசி மணி நேரத்துல சைட் படுத்துடும், முந்தின நாளே போட்டுடுங்க.

ஒரு ஆள் எத்தனை ஆப்ஸ்ட்ராக்ட்டுக்கு முதல் பேரா இருக்கலாம்னு நிறைய இடத்துல வரம்பு வெச்சிருப்பாங்க. ஏத்துக்கிட்டா பேசுற ஆள் பதிவுக் கட்டணம் கட்டியே ஆகணும்னும் இருக்கும், அதை அனுப்புறதுக்கு முன்னாடியே கைடுகிட்ட பேசிக்கோங்க, ஏத்துக்கிட்ட பிறகு வரமுடியலைன்னு சொன்னா அந்த இடம் வேற ஒரு மாணவருக்குக் கிடைச்சிருக்கும். கடைசியா, அனுப்பின ரெண்டே நாள்ல "ஏற்றுக்கொள்ளப்பட்டது, உடனே பணம் கட்டவும்"னு மெயில் வந்தா நின்னு யோசிங்க, நிஜமா ரிவ்யூ பண்ற இடத்துல ரெண்டு நாள்ல முடியாது. கமிட்டியில இருக்கிறவங்க யாரு, அவங்க நிஜமாவே இந்தத் துறையில எழுதுறவங்களா, ஒரு சங்கம் பின்னாடி இருக்கா, இதைத் தேடிப் பாருங்க. அமெரிக்கன் சைக்காலஜி–லா சொசைட்டி, ஐரோப்பிய உளவியல் சட்டச் சங்கம் மாதிரி பல வருஷமா நடத்துறவங்களோட பழைய நிகழ்ச்சி நிரல் இணையத்துல கிடைக்கும், அதுல உங்க தலைப்புக்குப் பக்கத்துல வர்ற பத்து ஆப்ஸ்ட்ராக்ட் உக்காந்து படிச்சா நாங்க சொல்றதெல்லாம் தானா புரியும்.

நூலகவாசி

குறுக்க வந்து கேக்குறேன், மன்னிக்கணும். எனக்கு டேட்டாவே கிடையாது, நான் தீர்ப்புகளை மட்டும் வெச்சு எழுதுறேன், இளஞ்சிறார்களோட ஒப்புதல் வாக்குமூலம் பத்தி. இந்த மாதிரி கான்ஃபரன்ஸ்ல என்னை மாதிரி ஆளுக்கு இடம் இருக்கா? முடிவுன்னு எழுத எனக்கு எண்ணே இல்லையே.

கறுப்பங்கி

இருக்கு, தாராளமா அனுப்புங்க. உங்க வாதம்தான் உங்க முடிவு, அதை வெளிப்படையா எழுதுங்க. "இந்தக் கட்டுரை சிறார் வாக்குமூலங்களை ஆராய்கிறது"ன்னு எழுதினா நீங்க என்ன கண்டீங்கன்னு தெரியாது. "தன்விருப்பத்தோட சொன்னதான்னு நீதிமன்றங்கள் பாக்குற சோதனை அடிச்சாங்களா மிரட்டினாங்களான்னு மட்டும் தேடுது, பதினைஞ்சு வயசுப் பையன் அடியே இல்லாம ஒத்துக்கிறதை அது பிடிக்கிறதில்ல"ன்னு எழுதினா அது ஒரு முடிவு, அதோட ஒருத்தர் சண்டை போடலாம். எந்தக் காலத்துல இருந்து எந்தக் காலம் வரைக்கும், எந்த நீதிமன்றத்துத் தீர்ப்புகள், எப்படித் தேடி எடுத்தீங்க, எதை விட்டீங்கன்னு சொல்லுங்க, அதுதான் உங்க மெத்தட். உளவியல் பக்கத்துல இருந்து ஒரு ஆதாரத்தையாவது கெட்டியாப் பிடிச்சுக்கோங்க. 1996ல காசினும் கீஷலும் செஞ்ச ஆய்வு இருக்கு, தொடக்கூடாதுன்னு சொன்ன கீயைத் தொட்டு கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டேன்னு, தொடவே தொடாத மாணவர்கள்ல 69 சதவீதம் பேர் கையெழுத்துப் போட்டாங்க, 28 சதவீதம் பேர் நிஜமாவே தாங்கதான் செஞ்சோம்னு நம்பினாங்க. ஆனா அவங்க சிறார் இல்ல, குத்தமும் சின்னது, அந்த இடைவெளியையும் நீங்களே சொல்லிடுங்க. 2005ல ரோப்பர் எதிர் சிம்மன்ஸ் தீர்ப்புல 18 வயசுக்குக் கீழ குத்தம் செஞ்சவங்களுக்கு மரண தண்டனை கூடாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னப்ப வளரிளம் பருவத்து ஆராய்ச்சியை எப்படி எடுத்துக்கிச்சுன்னு படிங்க, உங்களுக்கு அது பெரிய துணை.

வழக்காடி

எல்லாருக்கும் மனசார நன்றி, ரெண்டு நாள் உக்காந்து முழுசா மாத்தி எழுதினேன். அழைப்பைத் திரும்பப் படிச்சப்ப போஸ்டருக்கு நடந்துக்கிட்டு இருக்கிற ஆய்வும் வரலாம்னு தெளிவா போட்டிருந்தது, முதல் தடவை படிச்சப்ப அதை எப்படி விட்டேன்னே தெரியல. போஸ்டராவே போடறோம். டேட்டாவைத் திறக்கல, திறக்கமாட்டோம்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம். இப்ப இப்படி இருக்கு, தமிழ்ல சுருக்கி:

"அடையாள அணிவகுப்பு முடிந்த உடனேயே சாட்சியின் நிச்சயத்தை எழுதி வாங்க வேண்டும் என்று பரிந்துரைகள் சொல்கின்றன. அந்தப் பதிவு விசாரணையில் சாட்சி சொல்வதோடு முரண்பட்டால், முடிவெடுப்பவர்கள் எதைப் பின்பற்றுகிறார்கள்? அதிகாரியின் உறுதிமொழி சாட்சியின் நிச்சயத்தை ஏற்றும் என்பது தெரிந்ததே. இந்த ஆய்வு அதைக் கேட்பவர் பக்கத்திலிருந்து பார்க்கிறது. பங்கேற்பாளர்கள் அமெரிக்க ஜூரி நடைமுறையை ஒட்டிய விசாரணை வீடியோவைப் பார்க்கிறார்கள். முதல் பதிவு அவர்களுக்குத் தரப்படுவதில்லை, அல்லது குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் மூலம் தரப்படுகிறது, அல்லது நிச்சயம் ஏறுவதற்கான காரணத்தை விளக்கும் நீதிபதியின் குறிப்போடு தரப்படுகிறது. தீர்ப்பு, சாட்சியின் துல்லியம் குறித்த மதிப்பீடு ஆகியவை அளக்கப்படுகின்றன. திட்டம் முன்பதிவு செய்யப்பட்டுள்ளது, பாதிப் பங்கேற்பாளர்கள் முடித்துள்ளனர். பதிவு மட்டும் போதாது, விளக்கத்தோடு வந்தால்தான் மதிப்பீடு மாறும் என்று எதிர்பார்க்கிறோம். இது சாதாரண மக்களைப் பற்றியது, நீதிபதிகளுக்குப் பொருத்த முடியாது."

இங்கிலீஷ்ல 281 வார்த்தை. கறுப்பங்கி சார் கேட்ட பிறகுதான் எங்க வீடியோவுலயே காகிதம் எப்படி வருதுன்னு யோசிச்சோம், நல்லவேளை குறுக்கு விசாரணையிலதான் வெச்சிருந்தோம். ஒரே சந்தேகம், கடைசிக்கு முந்தின அந்த "எதிர்பார்க்கிறோம்" வரி, முடிவு வராதப்ப அப்படிச் சொல்லலாமா?

நினைவோடை

ரொம்ப நல்லா வந்திருக்கு, முதல்ல போட்டதையும் இதையும் பக்கத்துல வெச்சுப் பாத்தா வேற ஆள் எழுதின மாதிரி இருக்கு. எதிர்பார்ப்பு வரி இருக்கட்டும், முன்பதிவுல அதே எதிர்பார்ப்பு இருந்தா அதை மறைக்கத் தேவையே இல்ல. ஆனா ஏன் அப்படி எதிர்பார்க்கிறீங்கன்னு ஒரு வாக்கியம் சேருங்க, உங்களுக்கு இன்னும் 19 வார்த்தை மிச்சம் இருக்கு. 2017ல விக்ஸ்டெடும் வெல்ஸும் எழுதினதை நினைச்சுப் பாருங்க, அணிவகுப்பை ஒழுங்கா நடத்தினா முதல் தடவை சொல்ற நிச்சயம் துல்லியத்தை நல்லாவே காட்டும், பின்னாடி சொல்றது அப்படி இல்ல. இந்த வேறுபாடு கேக்குறவங்களுக்குத் தானா தெரியாதுங்கிறதுதான் உங்க காரணம், அதை வெச்சிடுங்க. "பாதிப் பங்கேற்பாளர்கள்"னு போடாம எண்ணாவே போடுங்க, முடியுற மாசத்தையும் போடுங்க. "அதிகாரியின் உறுதிமொழி"யும் வேண்டாம், உறுதிமொழின்னா சத்தியப் பிரமாணம்னு சட்டக்காரங்க படிப்பாங்க, அவர் சொன்னது ஒரு பாராட்டு, அப்படியே சொல்லிடுங்க. அனுப்புறதுக்கு முன்னாடி கூட எழுதுறவர்கிட்ட கடைசி வடிவத்தைக் காட்டி எழுத்துல சரின்னு வாங்கிடுங்க.

வழக்காடி

எல்லாம் மாத்திட்டேன், நேத்தே போட்டாச்சு, டெட்லைனுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கு. கூட எழுதுறவர்கிட்ட காட்டினப்ப அவர் ஒரே ஒரு இடத்தைத்தான் திருத்தினார், அளவீடு பத்தின வரியில நான் மறுபடியும் ரிலையபிலிட்டின்னு போட்டிருந்தேன், அவர் அடிச்சுட்டு துல்லியம்னு எழுதிட்டு, "உங்க வக்கீல் நண்பர் சொன்னது எனக்கும் ஞாபகம் இருக்கு"ன்னார்.